அப்பாவின் ஊர்திக்கு எந்த டயர்

அப்பா வியாழக்கிழமை காலை இறந்தார். தகனத்துக்குச் சனிக்கிழமை பதினோரு மணி கிடைத்தது. வெள்ளிக்கிழமை எட்டரை மணிக்கு ஓகுயாமா மாமா போன் செய்தார். ஆறுதல் வார்த்தைகளை முந்தின நாளே சொல்லிவிட்டதால் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"கயோ, வண்டியில இன்னும் கோடை டயர்தான் கெடக்கு. அந்த ரன்-பிளாட். பனி டயர் ஷெட்டுல அப்பிடியே இருக்கு. உங்கப்பா நல்லா இருந்திருந்தா இந்நேரம் மாத்தியிருப்பாரு. நாளைக்கு அவர எதுல கொண்டு போறது?"

"என்னைக் கேட்டா?"

"நீதானம்மா டயர் எஞ்சினியரு. போன தடவையும் உன்னைத்தானே கேட்டேன்."

போன தடவை என்று அவர் சொன்னது சாதாரணமாகத்தான். எனக்குத்தான் அப்படி இல்லை. ஷெட்டுக்கே வருகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஓகுயாமா மாமா எங்கள் ஊரில் அமரர் ஊர்தி நடத்துபவர். பெரிய கறுப்பு வண்டி ஒன்று, உறவினர்களை ஏற்றிக்கொண்டு பின்னால் வரும் மினிபஸ் ஒன்று. கறுப்பு வண்டியை முப்பத்தோரு வருடம் ஓட்டியவர் என் அப்பா, குரோசாகா தெய்ஜி. நான் தெற்கே ஒரு டயர் கம்பெனியின் சோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன்.

கேள்வி சின்னதுதான். ரன்-பிளாட் டயரின் பக்கச் சுவர் தடிமனானது. காற்று மொத்தமும் போனாலும் வண்டியின் எடையைத் தாங்கி இன்னும் கொஞ்ச தூரம் ஓடும். சாதாரண டயரில் காற்று போனால் ரிம் தரையில் உட்காரும், நின்றே ஆக வேண்டும். ஆனால் சாதாரண டயர் மெத்தென்று இருக்கும். ரன்-பிளாட் பள்ளம் மேடு எல்லாவற்றையும் அப்படியே வண்டிக்குள் சொல்லும். எங்கள் ஊர்தியின் அளவுக்குப் பனி டயரில் ரன்-பிளாட் கிடையாது. அதனால் கோடைக்கு ரன்-பிளாட், பனிக்காலத்துக்குச் சாதாரணம் என்று மூன்று வருடமாக இரண்டும் ஓடுகின்றன. சவப்பெட்டி வைக்கும் மேடை கீழே இருக்கும் இடத்தையெல்லாம் எடுத்துக்கொள்வதால் இந்த வண்டியில் ஸ்டெப்னி இல்லை.

மூன்று வருடத்துக்கு முன் இதற்காக அப்பாவும் நானும் சண்டை போட்டோம். நான் ஜெயித்தேன்.

அப்பா முதலில் மரம் ஏற்றும் லாரி ஓட்டினார். நாற்பது வயதில் மர அறுவை ஆலை மூடியது. ஓகுயாமா மாமா கூப்பிட்டதும் மறுநாளே வேலைக்குப் போய்விட்டார். ஏன் இந்த வேலை என்று கேட்பவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான்: "இந்த வண்டிக்குப் பின்னாடி நின்னு எவனும் ஹாரன் அடிக்க மாட்டான்."

எங்கள் ஊரில் ஊர்தியைக் கண்டால் பிள்ளைகள் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி மறைத்துக்கொள்வார்கள். மறைக்காவிட்டால் தாய் தகப்பனுக்கு ஆகாது. பள்ளிக்கூட வாசலில் அப்பாவின் வண்டி போகும்போது என் வகுப்பே முஷ்டி பிடித்து நிற்கும். நானும் மறைக்கணுமா என்று ஒருநாள் அப்பாவிடம் கேட்டேன்.

"நான் தினமும் அதுல ஏறி எறங்கறேன். நீ மறைக்க ஆரம்பிச்சா எப்பப் பென்சில் பிடிப்ப, எப்பச் சோறு திம்ப?" என்றார். அதற்குப் பிறகு நான் மறைத்ததில்லை.

டயர் மாற்றுவது அப்பாவே. டயர் கடை வாசலில் ஊர்தி நின்றால் மற்ற வாடிக்கையாளர்கள் உள்ளே வர மாட்டார்கள். கடைக்காரர் வேண்டாம் என்று சொல்லவும் மாட்டார். அவரை அந்தச் சங்கடத்தில் விடக்கூடாது என்று அப்பா ஷெட்டிலேயே ஜாக்கி வைத்துக்கொண்டார். நவம்பர் முதல் வாரத்தில் பனி டயர், ஏப்ரல் நடுவில் கோடை டயர். குரோசாகா டயரை மாற்றினால் பத்து நாளில் பனி விழும் என்று ஊரில் சொல்வார்கள். இந்த நவம்பரில் அவர் மருத்துவமனையில் இருந்தார்.

பழைய வண்டிக்கு நான்கும் சாதாரண டயர், மேடைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டெப்னி. பதினான்கு வருடத்துக்கு முன் ஆற்றோரச் சாலையில் அந்த வண்டிக்குப் பஞ்சர் ஆனது. பெட்டியில் இருந்தவர் ஓய்வு பெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். மினிபஸ்ஸிலிருந்து சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் கறுப்பு உடையில் இறங்கி ஓரமாக நின்றார்கள். அப்பா தலை தாழ்த்தி மன்னிப்புக் கேட்டுவிட்டு, கோட்டைக் கழற்றினார். வெள்ளைக் கையுறைகளை வைக்க இடம் பார்த்தார். ஸ்டேஷன் மாஸ்டரின் மனைவி கை நீட்டி வாங்கிக்கொண்டார்.

"முப்பத்தெட்டு வருஷத்துல இவரு ரயிலு ஒரு நிமிஷம் தாமதமானதில்ல," என்றாராம் அந்த அம்மா. "இன்னிக்கு அவரே லேட்டு. உள்ள படுத்துக்கிட்டு வாச்சைப் பாத்துட்டிருப்பாரு, தம்பி. சீக்கிரம்."

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு சிலர் அழுதார்கள். பதினொரு நிமிடத்தில் சக்கரம் மாறியது, தகனக் கூடத்துக்கும் நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தார்கள். அப்பா தன் வேலையைப் பற்றிச் சிரித்துக்கொண்டே சொன்ன ஒரே கதை இதுதான். ஓகுயாமா மாமாவுக்கோ அது பெரிய அவமானம். மறுநாள் இனிப்புப் பெட்டியோடு அந்த வீட்டு வாசலில் போய் நின்றார். வண்டி நடுவழியில் நிற்கக் கூடாது, தகனக் கூடத்தில் ஒரு குடும்பம் தாமதமானால் அடுத்த குடும்பமும் காத்திருக்கும் என்பது அவர் கவலை. அது நியாயமான கவலை.

அதனால்தான் மூன்று வருடத்துக்கு முன் புது வண்டி வந்தபோது ரன்-பிளாட் போடலாமா என்று என்னிடம் கேட்டார். நான் உடனே சரி என்றேன். அப்பா வேண்டாம் என்றார்.

"தூக்கிப் போடுது."

"எவ்வளவு?"

"எவ்வளவுன்னா? தூக்கிப் போடுது."

அளந்தால் தெரிந்துவிடும் என்றேன். விடுமுறைக்கு வந்தபோது அதிர்வு அளக்கும் கருவியைக் கொண்டுவந்தேன். காலிப் பெட்டிக்குள் அறுபது கிலோ அரிசி மூட்டை வைத்தோம். முதலில் சாதாரண டயர், பிறகு ரன்-பிளாட். ஆற்றுப் பாலத்தில் ஒன்பது இணைப்புகள் உண்டு. நான் பின்னால் பெட்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்து திரையைப் பார்த்துக்கொண்டே போனேன்.

"முன்னாடி வந்து ஒரு தடவ உக்காரு," என்றார் அப்பா.

"கருவி இங்கதான்பா இருக்கு."

"அதுக்கில்ல. இந்த சீட்டுல உக்காந்து பாரு."

போகவில்லை. பாலத்து இணைப்புகளில் ரன்-பிளாட்டின் உச்ச அதிர்வு நூற்றுக்கு இருபத்தொன்று கூடுதல். மற்றபடி பெரிய வித்தியாசம் இல்லை. ஏற்கக்கூடிய அளவு என்று எழுதினேன்.

"உள்ள இருக்கறவங்களுக்கு வலிக்காதுப்பா," என்றேன்.

அப்பா கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். "எனக்குத் தெரியாதா? இந்த சீட்டுல யாரு உக்காருவா? பொண்டாட்டியோ மகனோ இறந்தவங்க பேர்ப்பலகைய மடியில வெச்சுக்கிட்டு உக்காருவாங்க. பின்னாடி 'டொக்'குன்னு ஒரு சத்தம் கேட்டா திரும்பிப் பாப்பாங்க. ஒவ்வொரு தடவையும் பாப்பாங்க. நீ அதை எதுல அளப்ப?"

அறிக்கையில் அதற்குக் கட்டம் இல்லை.

அறிக்கை ஒரே பக்கம். கடைசி வரி தூரக் கணக்கு. காற்றில்லாமல் எண்பது கிலோமீட்டர் வரை என்று கம்பெனிகள் சொல்லும். ஊர்தி கனமான வண்டி என்பதால் நான் ஐம்பது என்று குறைத்து எழுதினேன். ஷெட்டிலிருந்து தகனக் கூடம் இருபத்து மூன்று. போக வர நாற்பத்தாறு. ஐம்பதுக்குள் அடங்குகிறது. ஓகுயாமா மாமா ரன்-பிளாட் வாங்கினார். அப்பாதான் மாட்டினார்.

அடுத்த வருடம் அக்டோபரில், பெட்டியோடு கிளம்பிய சிறிது நேரத்தில் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. பின் சக்கரத்தில் ஆணி. டயர் அது செய்ய வேண்டியதைச் செய்தது. அப்பா மெதுவாக ஓட்டி நேரத்துக்குக் கொண்டு சேர்த்தார். உறவினர்களுக்கு எதுவும் தெரியவில்லை. பிறகு காலி வண்டியோடு ஷெட்டுக்குக் கிளம்பினார். இரண்டு மணிக்கு இன்னொரு வீட்டில் அடுத்த பயணம்.

தகனத்துக்குப் போன வழியே எங்கள் ஊரில் யாரும் திரும்புவதில்லை. போனவர் கூடவே வந்துவிடுவார் என்று பெரியவர்கள் சொல்வார்கள். போவது ஆற்றோரம், வருவது மலை வழி. மலை வழி நாற்பத்து நான்கு கிலோமீட்டர், அதுவும் ஏற்றம்.

ஐம்பத்திரண்டாவது கிலோமீட்டரில், கணவாய் உச்சியில், டயரின் பக்கச் சுவர் பிய்ந்து விழுந்தது. என் ஐம்பது ஏறக்குறைய சரியாகவே இருந்தது. சாலைதான் வேறு.

அங்கே போனில் சிக்னல் இல்லை. மாற்ற ஸ்டெப்னியும் இல்லை. அப்பா கோட்டும் கையுறையுமாக இறக்கத்தில் நடந்தார். முள்ளங்கி ஏற்றிக்கொண்டு வந்த சின்ன லாரி ஒன்று நின்று அவரை ஏற்றிக்கொண்டது. கணவாயில் நின்ற ஊர்தியைப் பார்த்துவிட்டு வந்த அந்த விவசாயி இன்னும் கட்டைவிரலை மடக்கியே ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தாராம்.

"விரலை எடுத்து நல்லா பிடிங்க ஐயா," என்றார் அப்பா. "வளைவு நெறைய இருக்கு. உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஏத்திட்டுப் போக எங்கிட்ட வண்டி இல்ல."

ஊருக்கு வந்து சேர்ந்தபோது மூன்றரை மணி. ஓகுயாமா மாமா பக்கத்து ஊரிலிருந்து வண்டி கேட்டு அனுப்பியும் இரண்டு மணிப் பயணம் ஐம்பது நிமிடம் தாமதமாகியிருந்தது. அப்பா அன்று சாயங்காலமே அந்த வீட்டுக்குப் போய்த் தரையில் நெற்றி பட மன்னிப்புக் கேட்டார். அவர் ஓட்டிய காலத்தில் பெட்டி நேரத்துக்குப் போய்ச் சேராதது அன்று மட்டுமே.

அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். உடனே அப்பாவுக்குப் போன் செய்தேன்.

"காலி வண்டிதானேப்பா? வந்த வழியே திரும்பியிருந்தா ஷெட்டுக்கே வந்து சேர்ந்திருக்குமே!"

"வந்த வழியேவா?"

"டயருக்குச் சாங்கியம் தெரியுமா?"

"டயருக்குத் தெரியாது. உனக்கு?" என்றார். "நீ யாரு வீட்ல பொறந்த?"

வைத்துவிட்டார். ஐந்து மாதம் பேசவில்லை. பிறகு பேசினோம். முழங்கால் வலி, மழை, என் வீட்டுக் குழாய் என்று எல்லாம் பேசினோம். டயரைப் பற்றிப் பேசவில்லை. இந்த ஜூலையில் கணையத்தில் கட்டி என்றார்கள். மருத்துவமனையிலும் பேசவில்லை.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஷெட்டுக்குப் போனபோது என் மனதில் ரன்-பிளாட்தான் இருந்தது. சனிக்கிழமை மழை, பத்து டிகிரி என்று வானிலை சொன்னது. அந்த வெப்பநிலையில் ஈரச் சாலையில் கோடை டயர்தான் நன்றாகப் பிடிக்கும். பஞ்சர் ஆனாலும் நிற்காது. அப்பா எங்கேயும் நிற்காமல், நேரத்துக்குப் போக வேண்டும். ஓகுயாமா மாமா கையில் கேன் காப்பி இரண்டு.

"நாளைக்கு நானே ஓட்டறேன்," என்றார். "பத்து வருஷமாச்சு நான் ஊர்தி ஓட்டி. பெட்டி கெளம்பறப்ப ஹாரன் எவ்ளோ நேரம் அடிப்பாரு உங்கப்பா?"

"ஏழு செகண்டு."

"அதையும் அளந்தியா?"

எச்சரிக்கை விளக்கு வேலை செய்கிறதா என்று பார்க்க வண்டிக்குள் ஏறினேன். வண்டிப் புத்தகம் எடுக்க டாஷ்போர்டு அறையைத் திறந்தேன். உள்ளே என் அறிக்கை, நாலாக மடித்து. கடைசி வரியில் நாற்பத்தாறு என்பதைப் பென்சிலால் ஒரு கோடு போட்டு அடித்திருந்தார். பக்கத்தில் அவர் கையெழுத்து: 23 + 44 = 67. வேறு ஒன்றும் எழுதவில்லை.

"மாமா, அக்டோபர்ல நடந்ததுக்கு அப்பா என்ன காரணம் சொன்னாரு?"

"லாம்ப் எரிஞ்சதைக் கவனிக்காம ஓட்டிட்டேன்னாரு. தப்பு என்னோடதுன்னாரு. ஏன்?"

தாளை அவரிடம் கொடுத்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தார். திரும்பவும் படித்தார்.

"போக வரன்னு நீ எழுதினது தப்புன்னு எனக்கும் படல பாரு," என்றார். "முப்பத்தஞ்சு வருஷமா வண்டி வெச்சிருக்கேன். தெனமும் மலை வழியாத்தான் வருது. எனக்கும் படல."

அவர் நல்லவர். பாதிப் பழியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

பனி டயர்களைப் பார்க்கப் பின்பக்கம் போனேன். கம்பளி போட்டு மூடி அடுக்கியிருந்தது. எண்ணினேன். ஐந்து.

"அது ஏன் அஞ்சு?"

ஓகுயாமா மாமா காப்பியைக் கீழே வைத்தார். "அது... அந்த அக்டோபருக்கு அப்புறம் அவரா வாங்கினது. வண்டியில எடமில்லன்னா என்ன, மினிபஸ்ஸு பின்னாடியே வருதே, அதுல ஸ்டெப்னிய ஏத்திட்டா முடிஞ்சுதுன்னாரு. அப்பிடிப் பண்ணா வருஷம் பூரா சாதா டயரே போட்டுக்கலாம்னாரு. நான்தான் விடல. துக்கத்துல இருக்கறவங்க காலடியில டயரைப் போடறதா? பாக்கறவங்க என்ன சொல்லுவாங்க?"

நான் சோதனைப் பிரிவில் பன்னிரண்டு வருடமாக இருக்கிறேன். மினிபஸ் எப்போதும் பின்னாலேயே வருகிறது என்பது எனக்கும் தெரியும்.

"பனி டயரைப் போடுவோம்," என்றேன்.

"மழைன்னு சொல்றானே."

"மெதுவாப் போங்க. இடைவெளி விட்டு ஓட்டுங்க. அஞ்சாவது மினிபஸ்ல."

"பஞ்சர் ஆச்சுன்னா?"

"பதினொரு நிமிஷம்."

"அது உங்கப்பாவுக்கு. நாளைக்கு யாரு மாத்தறது? எனக்கு இடுப்பு போயிடுச்சு."

"நான் மாத்தறேன்."

"துக்க உடுப்புலயா? மண்டி போட்டுக் குனிவியா?"

"பொழுதன்னைக்கும் டயரோடதானே கெடக்கறேன். நீங்க கையுறைய வாங்கிப் பிடிங்க, போதும்."

அவர் சிரித்தார். இரண்டு நாளில் நான் கேட்ட முதல் சிரிப்பு.

அன்று ஷெட்டில் நான்கு சக்கரங்களையும் நானே மாற்றினேன். எங்கள் சோதனைக் கூடத்தில் இதை இயந்திரம் செய்யும். ஜாக்கியை அப்பா எங்கே வைப்பார் என்று சட்டத்தின் அடியில் தேய்ந்திருந்த இடத்தைப் பார்த்துக் கண்டுபிடித்தேன். நட்டுகளை எதிரெதிராக இறுக்கினேன். முதல் சக்கரத்துக்கு இருபத்தாறு நிமிடம். நான்காவதுக்குப் பதினாலு. ஓகுயாமா மாமா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பதினாலு பரவாயில்ல," என்றார். "ஸ்டேஷன் மாஸ்டரா இருந்தாத்தான் கஷ்டம்."

சனிக்கிழமை மழை தூறியது. அம்மாதான் முன் சீட்டில் உட்கார வேண்டியவர். "அந்த சீட்டு ரொம்பத் தாழ்வு. என் முழங்கால் மடங்காது. நீ போ," என்று பேர்ப்பலகையை என் கையில் கொடுத்துவிட்டு மினிபஸ்ஸுக்குப் போனார். அங்கே சித்தப்பாவின் குரல் கேட்டது.

"இது என்ன, டயரா? இதை எதுக்கு இங்க போட்டிருக்கு?"

"உங்க அண்ணனோடது," என்றார் அம்மா. "காலைத் தூக்கி மேல வெச்சுக்கோங்க, வசதியா இருக்கும்."

ஓகுயாமா மாமா ஹாரனை அழுத்தினார். ஏழு செகண்டுக்கு ஒன்று குறைந்தது.

அந்த சீட்டில் நான் அதுவரை உட்கார்ந்ததில்லை. பின்னால் இருக்கும் பெட்டி கண்ணில் படாது. அதனால் காது முழுக்க அங்கேயே போய்விடுகிறது. துடைப்பான் சத்தம், மழைச் சத்தம் எல்லாவற்றுக்கும் அடியில் மேடையின் உருளைகள் லேசாக முனகுவது கேட்டது. ஆற்றுப் பாலம் வந்தது. முதல் இணைப்பில் பின்னாலிருந்து, தலையணையில் கை வைத்தது போல, மெல்லிய ஒரு சத்தம். நான் திரும்பிப் பார்த்தேன். இரண்டாவதிலும் பார்த்தேன். மூன்றாவதுக்குப் பிறகு திரும்பவில்லை. ஒன்பதையும் எண்ணினேன்.

ரன்-பிளாட்டில் அது எப்படிக் கேட்டிருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு அளவு வேண்டும். அப்பா முன்னாடி வா என்று கூப்பிட்ட அன்று அது கிடைத்திருக்கும்.

பத்து நாற்பத்தெட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். எதுவும் நடக்கவில்லை. ஓகுயாமா மாமா பெட்டிக்குத் தலை வணங்கிவிட்டுக் காலி ஊர்தியை மலை வழியில் கொண்டு போனார். நாங்கள் ஒன்றே முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். எலும்புகளை எடுத்துக் கலயத்தில் வைத்தோம். மினிபஸ்ஸும் மலை வழியில் திரும்பியது. கலயம் அம்மா மடியில் இருந்தது. சித்தப்பாவின் கால் டயர் மேல். கணவாய் உச்சியில் அவர் தூங்கிவிட்டார்.

வீட்டு வாசலில் பக்கத்து வீட்டு அம்மா ஒரு கிண்ணத்தில் உப்பு வைத்திருந்தார். தகனத்துக்குப் போய் வந்தவர்கள் தோளில் உப்புப் போட்டுக்கொண்டுதான் உள்ளே நுழைய வேண்டும். அம்மா தன் தோளில் போட்டுக்கொண்டார். எனக்கும் சித்தப்பாவுக்கும் போட்டார். மினிபஸ் டிரைவர் டயரை உருட்டிக்கொண்டு வந்து, இதை எங்கே விட என்று கேட்டார். மினிபஸ் நேராக இன்னொரு ஊருக்குப் போக வேண்டும்.

"இங்கயே விடுங்க," என்றேன். "திங்கக்கிழமை நான் ஷெட்டுக்குக் கொண்டு போறேன். இனிமே இது மினிபஸ்லதான் வரும். வருஷம் பூரா சாதா டயர்தான். மாமாகிட்ட சொல்லிட்டேன்."

"அவரு என்ன சொன்னாரு?" என்றார் அம்மா.

"ஒரு கறுப்புத் துணி தெச்சுக் குடு, மூடி வெச்சுக்கறேன்னாரு."

அம்மா தலையாட்டினார். கிண்ணத்திலிருந்து இன்னொரு சிட்டிகை எடுத்து டயர் மேல் போட்டார். உப்பு பட்டால் ரிம் துருப்பிடிக்கும். துடைக்காமல் விட்டேன். டயரை உள்ளே உருட்டி, அப்பாவின் செருப்புகளுக்குப் பக்கத்தில் சாத்தி வைத்தேன்.